பதினேழா, பதினெட்டா

கொடுக்கும்போது மோதிரம் கறுத்துப் போயிருந்தது.
தபால் கந்தோரின் பசையும் முத்திரை மையும்
இருபத்திரண்டு வருஷமாய் அதில் குடியிருந்தன.
"கழுவி, மெருகு போட்டு, மேலே ஒரு பூச்சு.
வெள்ளிக்கிழமை வாங்க" என்றார் தவசீலன்,
ஹட்டன் கடைவீதியில், மழைக்குப் பாதிக் கதவைச் சாத்தியபடி.
துண்டில் எழுதினார்:
மோதிரம் ஒன்று. நாலு கிராம் பத்து.

வெள்ளிக்கிழமை
சிவப்பு வெல்வெட்டில் ஒரு புது மோதிரம் கிடந்தது.
என்னுடையதாம்.
போட்டேன். விரல் மொழி தாண்டி வழுக்கியது.
கழற்றி உள்ளே பார்த்தேன்,
கழுவிக் கவிழ்த்த கோப்பை மாதிரி
ஒன்றுமில்லை.

"உள்ளே எழுத்து இருந்ததே?"
பட்டறைத் திரையை விலக்கி ரெஜினோல்ட் எட்டிப் பார்த்தான்,
மூக்கு நுனிவரை மெருகுச் சிவப்பு.
"கீறல் மாதிரி இருந்திச்சி அக்கா.
ரெண்டு தரம் புரஷ் போட்டேன்."
பெருமையாகத்தான் சொன்னான்.

தராசில் மூன்று எண்பது.
"மெருகுல கொஞ்சம் போகும்தானே."
ஐந்து ரூபாய் முத்திரை குறைந்தாலும்
கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
"தூளை எதில கூட்டி வைக்கிறீங்க?"
ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து திறந்தார்.
நோர்வூட் தாலி, டிக்கோயாத் தோடு,
யாரோ ஒரு பிள்ளையின் அரைஞாண்,
எல்லாம் ஒரே சாம்பல்.
என்னுடையது எது என்று கேட்க வாய் வரவில்லை.
புள்ளி மூன்றுக்கு
என் தபால் தராசில் முள்கூட அசையாது.
அவர் அன்றைய பவுன் விலைக்குக் காசு எண்ணி வைத்தார்.
எடுத்துக்கொண்டேன்.

"எழுத்தையும் சும்மாவே வெட்டித் தர்றேன்.
என்ன திகதி?"

கல்யாணம் ஜூன் பதினெட்டு.
மோதிரத்தில் பதினேழு.
பண்டாரவளையில் வெட்டியவன் விட்ட பிழை,
மணவறையில்தான் கண்டோம், மாற்ற நேரமில்லை.
பதினெட்டில் மாமியார் போன் எடுப்பார், கோயிலில் அர்ச்சனை நடக்கும்.
பதினேழைப் பற்றி யாருக்கும் தெரியாது.
அன்று ராத்திரி அவர்
கொழுந்து லொறியை ஃபெக்டரியில் விட்டுவிட்டு
இரண்டு கொத்துரொட்டி கட்டிக்கொண்டு வருவார்.

போன் போட்டேன்.
"அழிச்சிட்டாங்களா?"
கொஞ்ச நேரம் ஏற்றத்தில் கியர் சத்தம் மட்டும்.
"சரி, இந்தத் தடவையாவது
சரியானதைப் போடச் சொல்லு" என்றார். பிறகு,
"பதினேழு சரியானதுதானே?"

தவசீலன் மெஷின் எழுத்தை அட்டையில் காட்டினார்.
எல்லா இலக்கமும் ஒரே உயரம்,
பாடசாலைக் காலைக் கூட்டம் போல.
எங்கள் ஏழு சரிந்திருந்தது,
மண் இளகிய மேட்டில் லைட் கம்பம் மாதிரி.
"வேணாம். அப்படியே தாங்க."
துண்டின் பின்பக்கம் மட்டும் எழுத வைத்தேன்:
உள்ளே இருந்த எழுத்து கடையில் அழிந்தது.
கையெழுத்து. கடை முத்திரை.
முத்திரை மங்கலாக விழுந்தது.
இன்னொரு தரம் குத்தச் சொன்னேன்.

திங்கட்கிழமை,
பொதி கட்டும் நூலில் ஒரு சாண் வெட்டி
மோதிரத்தின் அடியில் சுற்றினேன், வழுக்காமல் இருக்க.
திகதி இருந்த இடத்தில்தான் நூல் போய் உட்கார்ந்தது.
மத்தியானத்துக்குள்
அதிலும் மை ஏறிவிட்டது.