இடது ஓரத்தில் அசைந்தவன்

பதிவு செய்தவர்கள் நாற்பத்து மூன்று.
வந்தவர்கள் ஒன்பது.
செம்பவாங் மழை அப்படி,
சனிக்கிழமை பார்த்துத்தான் பெய்யும்.

சமூக மன்றத்தின் மூன்றாம் மாடியில்
எங்கள் பேட்டை அரும்பொருளகம்.
நாற்காலிகளை வட்டமாகப் போடச் சொன்னது தலைமையகம்.
வட்டத்தில் காலி நாற்காலி
பல் போன வாயாகத் தெரியும்,
ஆகவே இரண்டு வரிசை.
மேசையில் ஐம்பது கறிபஃப், ஒரு ஸ்கேனர்,
யாரும் மாட்டாத வெள்ளைக் கையுறைகள்.
'உங்கள் பொருள், நம் கதை.'
அந்தப் பெயரை நான் வைக்கவில்லை.

கட்டி முடித்த தண்ணீர் பில் ஒன்று வந்தது.
நடு அடுக்கு இல்லாத டிபன் கேரியர் வந்தது.
ஒரு கடிகாரம், கொடுக்கத்தான் வந்தது,
கடைசிவரை மடியை விட்டு இறங்கவில்லை.
ஒருவர் வெறுங்கை.
ஏர்கானுக்காக வந்தேன் என்றார்.
அவரையும் எண்ணிக்கொண்டேன்.

எல்லாம் அமைதியாகத்தான் போனது,
ஆரோக்கியநாதன் அங்கிள் சுவர்ப்பக்கம் திரும்பும்வரை.

கடற்படைத் தளத்துக் குடியிருப்பு, பந்தாட்ட அணி.
கைகட்டி நிற்கும் பதினொருவருக்கும் பெயருண்டு.
இடது ஓரம், கோட்டுக்கு வெளியே ஒரு பையன்.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
கொஞ்சம் வெள்ளைப் புகை.
படம் விழுந்த நொடியில் திரும்பிவிட்டான்.
'அடையாளம் தெரியாத சிறுவன்' என்கிறது அட்டை,
நான் தட்டச்சு செய்தது.

"இது நான்தானே," என்றார் வாயில் கறிபஃப்புடன்.

சியா பூன் டெக் எழுந்து வந்தார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
"முழங்கால் கட்டைப் பார். நாய் கடித்தது என்னை."
கால்சட்டையைச் சுருட்டித் தழும்பையும் காட்டினார்.
"கட்டா அது? நழுவிய காலுறை.
ஒரு காலுக்குத்தான் எனக்கு இருந்தது,
இன்னொன்று தம்பிக்கு."

"இரண்டு பேரும் இல்லை."
மக்சிக் ரொக்கியா உட்கார்ந்தபடியே சொன்னார்.
"சட்டைப்பை கோணல். என் அம்மா தைத்தது.
அண்ணன் ஹாருன்.
அவனைக் கேட்க முடியாது."

மூவரும் சந்தை மலாயில் மோதிக்கொண்டார்கள்.
எனக்குப் பாதிதான் பிடிபட்டது.
படத்தைத் திரையில் பெரிதாக்கினேன்,
இன்னும், இன்னும்.
பெரிதாக ஆகப் பையன் குறைந்துகொண்டே போனான்,
புள்ளியாக, கட்டமாக, கடைசியில் வெறும் சாம்பலாக.

தொண்டூழியர் ஷெரில்,
பாலிடெக்னிக்கில் மணிக்கணக்குக் காட்ட வந்தவள்,
போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.
"அன்றைக்கு மூன்று பேருமே அங்கே இருந்தீர்களா?"
இருந்தோம்.
இருந்தேன்.
அண்ணன் எப்போதும் இருப்பான்.
"அப்படியென்றால் மற்ற இரண்டு பேர் எங்கே?"

மழை மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.

"கேமராவுக்கு இந்தப் பக்கம்," என்றார் சியா,
தனக்கே சொல்வதுபோல.
யாரோ கூப்பிடாமல்
எந்தப் பையன் படத்தில் திரும்புவான்?

ஆரோக்கியநாதன் அங்கிள்
விரலில் ஒட்டிய எண்ணெயைக் கைக்குட்டையில்
வெகுநேரம் துடைத்தார்.
"நான்தான் கூப்பிட்டேன்," என்றார்.
"ஹாருன், பந்து! என்று."

ஐந்து நிமிடம் முன்பு அந்தப் பையன் இவர்தான்.
இது நினைவா, கொடையா,
'சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில்
டிக் போடலாமா,
பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.
ரொக்கியா அவரைப் பார்த்தார்.
நன்றி சொல்லவில்லை.
"அவனுக்குக் காதும் கொஞ்சம் மந்தம்," என்றார்.
"ரொம்ப சத்தமாகக் கூப்பிட்டிருப்பாய்."

மாலை அறிக்கையில் ஒரு கேள்வி:
புதிதாக அறிந்த தகவல், ஐம்பது எழுத்துக்குள்.
'ஒருவன் கூப்பிட்டான்' என்று தட்டினேன்.
இடம் மிச்சமிருந்தது.

மீந்த கறிபஃப்பில் ஆறைப் பையில் போட்டுக்கொண்டு,
நாய் கடித்தது மட்டும் உண்மை, எழுதிக்கொள் என்று
மின்தூக்கிக் கதவு மூடும்வரை
சொல்லிக்கொண்டிருந்தார் சியா.