வெல்டிங் வேண்டாம்

"ஒட்டாமல் எப்படித் தண்ணி நிற்கும்?"
றெஜினோல்ட் கேட்டார்,
குருநகர் ஐஸ் வாடியின் கூரை நிழலில்,
நாற்பதடிப் பீலிக்கு முற்பணம் எண்ணியபடி.

அரை மில்லிமீற்றர்த் தகரம், ஐயா.
சுடர் தொட்ட இடம் ஓட்டை.
துத்தநாகம் எரிந்தால்
வெள்ளைப் புகையாய்ப் படமெடுக்கும்;
அன்றிரவு எனக்குக் குலைப்பன் காய்ச்சல்.
பால் குடித்தால் போகுமாம், வெல்டிங்காரர் சொல்வது.
காய்ச்சல் போகும்.
எரிந்த தழும்பைக் கடற்காற்று
முகவரி கேட்காமலே கண்டுபிடிக்கும்.

ஆகவே மடிக்கிறேன்.
ஒரு விளிம்பு மேலுக்கு, மற்றது கீழுக்கு,
கொளுவி,
தண்டவாளத் துண்டின்மேல் வைத்து
கொட்டாப்புளியால் தட்டத் தட்டப் படுக்கும்.
டெனிம் காற்சட்டையின் பக்கத் தையல் இதே மடிப்பு.
மூன்று வருசம் வவுனியாவில்
அதை மட்டுமே தைச்சனான்,
மணிக்கு இத்தனை என்று ஆள் நின்று எண்ண.
இங்கே நூலில்லை.
தகரமே தகரத்தைப் பிடித்துக்கொள்கிறது.

மூலையில் மடிப்பு மல்லுக்கட்டும்.
அங்கே றிவெற், ஆறு.
ஒன்று கோணல்: ஏணி ஆடியது.
இல்லை, நான்தான் ஆடினேன்.

வாளித் தண்ணி ஊற்றினோம்.
நாலாம் மூட்டின் அடியில் ஒரு துளி
திரண்டு, கனத்து,
அவர் விரலை நீட்டும்வரை காத்திருந்து
விழுந்தது.

பில்லில் 'கசிவு' என்று எழுதி
ஐந்நூறு ரூபாய் குறைத்தார்.
நான் வாதாடவில்லை.
இரவே ஏறி, ரோர்ச்சைப் பல்லில் கடித்தபடி
அந்த மடிப்பை
இன்னும் இருபது தட்டுத் தட்டினேன்.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் அடித்தது.
நாலாம் நாள் போன்.
மழையைப் பற்றி ஒரு சொல்லில்லை.
கிழக்குப் பக்கத்துக்கும்
அளவெடுக்க வரட்டாம்.