நீரோட்டம்: இல்லை

மார்ச் மாதம்.
பாலேக் பூலாவுக்குப் போகும் வளைவுகளுக்கு மேலே
கூ செங் ஆய்க்கின் டுரியான் தோட்டத்தில்
அளவைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு பள்ளம்,
முழங்கால் ஆழம், பெரணி முளைத்து, சருகு அடைந்து.
உள்ளே ஒரு செருப்பு கிடந்தது.
இடது கால், பச்சை வார்.
யாரோ விட்டுப்போனது என்று நினைத்தேன்.
அந்த மேட்டில் ஒற்றைச் செருப்போடு
யார் நடப்பார்கள் என்று நினைக்கவில்லை.

தாண்டிப் போனேன்.

பாரத்தில் ஏழாவது கட்டம்:
நிலத்தில் இயற்கை நீரோட்டம் உண்டா?
இல்லை என்று எழுதினேன்.
என் கையெழுத்து அழகு, எல்லாரும் சொல்வார்கள்.

கூ கெட்டவர் அல்ல, இதையும் சொல்லிவிட வேண்டும்.
தம்பிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்.
மண்பாதையில் வேன் ஏறாது.
பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து
இரண்டு தோட்டத் தொழிலாளிகள் அவரைத் தூக்கி இறங்கியதை
நானே பார்த்தேன்.
நாற்காலியிலிருந்து எனக்குக் கையசைத்தார்.
அன்றிரவே வரைபடத்தை முடித்துவிட்டேன்.

நானூறு மீட்டர் நீளம். நான்கு மீட்டர் அகலம்.
எட்டுக்கு ஒன்று சரிவு.
மேட்டை வெட்டு, பள்ளத்தில் கொட்டு,
உருளையை ஓட்டு.

மாநகர் மன்றத்தில் மூன்று மேசைகள்.
மூன்றாவதில் புவான் ரொஹாயா மட்டும் கேட்டார்,
மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று.
ஏழாவது கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.
இல்லாத தண்ணீர் எங்கே போகும்?
சிரித்துவிட்டார்.
முத்திரை விழுந்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம், விடிகாலை மூன்று மணி.
பள்ளம் இருந்த இடத்தில் சாலை இருந்தது.
ஆகவே சாலையே பள்ளம்.
நான் போட்ட சரிவு, ஒரு பிழையும் இல்லாத சரிவு,
தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டு
வேன் இறங்குவதுபோல ஒழுங்காக இறங்கியது.
வளைவில் திரும்பத்தான் அதற்குத் தெரியவில்லை.

வளைவுக்கு நேர்கீழே கமலவேணியின் வீடு.
பள்ளிச் சீருடை தைப்பவர்.
கூடத்தில் நூற்றிருபது வெள்ளைச் சட்டைகள்,
பொத்தான் மட்டும் பாக்கி.

நான் போனபோது கொடியில் தொங்கின,
மூன்று அலசலுக்குப் பிறகும் தேநீர் நிறத்தில்.
ஒவ்வொரு சட்டைப்பையையும் வெளியே புரட்டி
மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார்,
துவைக்கும் முன் பிள்ளையின் பையில்
சில்லறை தேடுகிறவர்போல.

திட்டுவார் என்றுதான் போனேன்.
"பிளான் கொண்டாந்தீங்களா?" என்றார்.
தையல் மேசையில் விரித்தேன்.
நான்கு மூலைக்கும் நான்கு நூல்கண்டு வைத்தார்.

"இதுல என் வீடு எங்க?"

லாட் எல்லையோடு என் கோடுகள் நின்றுவிடுகின்றன.
அதற்கப்பால் வடக்கு காட்டும் அம்பு,
அளவுவிகிதம், என் பெயர்,
பிறகு வெறும் வெள்ளை.
வளைவில் ஸ்கேலை வைத்தேன்.
தென்மேற்கே அறுபத்திரண்டு மீட்டர்.
அங்கே
வட்டமாக, ஊதாவில், கொஞ்சம் சாய்ந்து
மன்றத்தின் முத்திரை.
தேதி அவர் அடுப்படியில் விழுந்திருந்தது.

வெகுநேரம் குனிந்து பார்த்தார்.
"வருஷத்துல நாப்பது நாள் ஓடும் அது.
மத்த நாள் கெடையாது.
அந்த மாதிரி தண்ணிக்கு உங்க பேப்பர்ல எடமே இல்லயா?"

இருக்கிறது. விட்டுவிட்டுப் போடும் நீலக்கோடு.
முதல் வருடப் பாடம்.
கோடு ஓடும் நாள்; இடைவெளி ஓடாத நாள்.
நான் போனது ஓர் இடைவெளியில்.

இதை அவரிடம் சொல்லவில்லை.
திருத்திய மனு, மறு கட்டணம், ஆறு வாரம்,
சாலைக்கடியில் பதினெட்டு அங்குலக் குழாய்
என்றெல்லாம் சொன்னேன்.
சட்டையைப் புரட்டிக்கொண்டே கேட்டார்.
தொலைவில் மேலே வேன் ஒன்று கியர் மாற்றி ஏறியது.
இன்று புதன். தம்பிக்கு முறைநாள்.

வெளியே வந்தேன்.
படியில் என் செருப்புகளுக்குப் பக்கத்தில் இன்னொன்று,
இடது கால், பச்சை வார்.
கழுவி, சுவரில் சாய்த்து, காயவைத்திருந்தார்,
உரியவர் வந்தால் கொடுத்துவிடலாமென்று.

"தண்ணியோட வந்துச்சு," என்றார்.
"யாரோடதுன்னு தெரியுமா?"