தூதன் வருகிறான்

இரவு ஒன்பதுக்குப் பிறகு
இருநூற்றுப் பதினாலாம் அறையில் மட்டும் வெளிச்சம்.
தும்புத்தடியோடு நான் வாசலில் நிற்பேன்.
"இன்னும் நாலு வரி" என்பார் ஹெல்வி சாரெலா,
நிமிராமல்.
தூரத்தில் உலைக் கசடு ஊற்றுவார்கள்.
சட்பரி வானம் சிவக்கும்,
அவருடைய தாளும்.

லத்தீனுக்குப் பிள்ளைகள் இல்லையென்று
எழுபத்தெட்டில் பாடத்தை நிறுத்திவிட்டு
புவியியலும் தட்டச்சும் கொடுத்தார்களாம்.
பகலில் நிக்கல் ஏற்றிப் போகும் துறைமுகங்கள்.
இரவில், செத்துப்போன இரண்டு மொழிகளில்
அரசிகளின் சண்டை.

அவருடைய குப்பைக்கூடையில்
தோடம்பழத் தோல் இருக்காது, சுவிங்கம் இருக்காது.
ஒரே வரி, பதினொரு தாளில்.
கசக்கியதை நேராக்கி வாசிப்பேன்.
அவர் வெட்டிய வரிகளில்தான் நான் ஆங்கிலம் படித்தேன்.
அதனாலோ என்னவோ
இன்றைக்கும் ஒரு சொல்லைச் சொன்னவுடன்
இதைவிட நல்லது ஒன்று இருக்கிறதென்று படும்.

ஒருநாள் கேட்டார்:
உங்களுடைய ஆட்கள் செத்தவீட்டில் என்ன சொல்லி அழுவார்கள்?
கிரேக்கத்தில் அதற்கென்றே முழு வரி உண்டாம்,
அர்த்தம் இல்லாத வெறும் சத்தம்.
அகராதி தருகிற ஆங்கிலச் சொல்லை
இந்த ஊரில் ஒரு வாயும் சொல்லி அவர் கேட்டதில்லை.
அப்பாவின் சாப்பாட்டு வாளியோடு
சுரங்கத்து ஆள் ஒருவன் வாசலில் நின்றபோது
அவருடைய அம்மா ஃபின்னிஷில் சொன்னாராம்:
உள்ளே வாங்கோ, கோப்பி சூடாக இருக்கிறது.
பிறகு நாலு மாதம் பேச்சில்லை.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.
ஐயோ, என்றேன்.
மெதுவாகச் சொல்லக்கூடிய சொல்லா அது.
எழுதிக்கொண்டார். கடைசி எழுத்து எவ்வளவு நீளம்?
ஆளைப் பொறுத்தது.
செத்த ஆளையா, அழுகிற ஆளையா?
அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த நாடகங்களில் அநேகமாக
மேடையில் யாரும் சாவதில்லை என்றும் அவர்தான் சொன்னார்.
எல்லாச் சாவும் வெளியில்.
ஒருவன் வந்து சொல்லுவான். அவனுக்குப் பெயர் கிடையாது.
'தூதன் வருகிறான்' என்று
தாளின் ஓரத்தில் தட்டச்சு அடிப்பார்.

எண்பத்தேழு, ஒக்டோபர்.
அதிபரின் அறைத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு.
கொழும்பில் ஏதோ லொட்ஜ் மனேஜர்,
நான் முகம் அறியாத மனிதர்.
'தம்பி' என்று தொடங்கினார்.
என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.
லைன் இரைந்தது. மூன்று நிமிடக் காசு.
சரி என்றேன். சரி, சரி.
கன்டீனில் கதிரைகளை மேசைமேல் கவிழ்த்தேன்,
நூற்று எண்பது.

பதினேழு நாடகம் முடித்தார்.
ஒன்பது பதிப்பகம் மரியாதையாகத் திருப்பி அனுப்பியது.
ஓய்வு பெற்றார், இடுப்பு முறிந்தது,
ஒரு பெப்ரவரியில் போய்ச் சேர்ந்தார்.
அதையும் எனக்கு யாரோ வந்துதான் சொன்னார்கள்.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, எண்பத்தெட்டு ஏப்ரலில்,
உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரேயொரு தரம்.
படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு பன்னிரண்டு பெடியன்கள்,
பாதிப்பேர் ஹொக்கி அணி,
மீதி தண்டனை வகுப்பில் பிடித்தது.
கோல்காப்பான் ரெஜான் திபோ
அவசர வழிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்,
தோளில் நிஜப் பனி.
சொன்னான்.
ஐ-யொ, என்றார்கள் பன்னிரண்டு பேரும்.
பெற்றோரில் யாரோ சிரித்தார்கள்.
இரண்டாம் தரம்
அந்தக் கடைசி எழுத்து கூரைத் தகரம் வரை போய்
நின்றது.

விளக்குப் போட வேண்டியவன் நான்.
கை சுவிட்சில்தான் இருந்தது.
முன்னூறு பேரும் கொஞ்சநேரம்
என்னால் இருட்டில் இருந்தார்கள்.

எல்லோரும் போனபின் பக்கத்தில் வந்து
"நீளம் சரியா?" என்றார்.
"காணாது" என்றேன்.
காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.