ஓட்டன்

மைக்ரோபிலிம் அறையில் குளிர் அதிகம்.
மகளின் பள்ளிக்கூட ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.
வருடாந்திர விடுப்பில் இது ஐந்தாவது நாள்.
கைப்பிடியைச் சுற்றினால் பினாங்கு ஓடுகிறது:
பன்றி இறக்குமதி, சாராய உரிமம், மூழ்கிய தொங்கான்,
யாருக்கோ தூக்கு, யாருக்கோ சாக்கடை வரி.

முத்திருளன் என்ற ஒரே பெயரை
நாலு குமாஸ்தாக்கள் நாலு விதமாக எழுதியிருக்கிறார்கள்.
ஒருவர் கையில் அவன் மூட்டை ரோலன்.
இன்னொருவருக்கு மட்டி ரூலன்.
மூன்றாமவர் களைத்துப்போய் மூட்டூ என்று நிறுத்தி
மிச்சத்துக்கு ஒரு கோடு இழுத்துவிட்டார்.
நாலாமவர் ஒருவர்தான் காது கொடுத்து எழுதியவர்.
இருந்திருந்தால் வருடாவருடம் முறுக்குச் சுட்டு அனுப்பியிருப்பேன்.

பெயர் கலைந்தாலும் வண்டி எண் கலையவில்லை. 214.
இரண்டு மாடு, ஒரு பார வண்டி,
ஆயர் ஈத்தாமிலிருந்து துறைமுகத்துக்கு ஜாதிக்காய்.

குடும்ப வாட்ஸ்அப்பில் கேட்டபடி இருக்கிறார்கள்:
என்ன சாதி? நிலம் கிலம் உண்டா?
கிள்ளான் சித்தப்பா ஜமீன் என்றே முடிவு செய்துவிட்டார்.
நான் அனுப்பியது ஓர் அபராதச் சீட்டு.
1887, ஆகஸ்ட், போலீஸ் கோர்ட்டு.
இரவு எட்டேகால், டத்தோ கிராமட் ரோடு,
விளக்கில்லாமல் வண்டி ஓட்டியதற்கு அரை டாலர்.

முத்திருளன், விளக்கில்லாமல்.
நீதிபதிக்குத் தமிழ் தெரிந்திருந்தால்
சிரித்துக் கால் டாலர் குறைத்திருப்பார்.

அவன் சொன்னதாக ஒரு வரி இருக்கிறது, ஆங்கிலத்தில்.
மொழிபெயர்த்தவர் யாரோ சூசைமாணிக்கம்.
விளக்கு எரிந்தது, காற்று அணைத்தது.
ஆயுள் முழுக்கப் பேசிய வாயிலிருந்து
தாளில் ஒட்டியது இவ்வளவுதான், அதுவும் அடுத்த பாஷையில்.

திருப்பித் தமிழாக்கிப் பார்க்கிறேன்.
காத்து அணைச்சிருச்சு தொரை, என்று குனிந்தானா?
காத்து அடிச்சா நான் என்ன செய்ய, என்று முறைத்தானா?
முழுசாக அரை டாலர் போட்டிருக்கிறார்கள்.
முறைத்திருப்பான்.
சூசைமாணிக்கம்தான் அதற்குச் சட்டை மாட்டி அனுப்பியிருப்பார்.

கட்டியது அவனில்லை. மனைவி கட்டினாள் என்றிருக்கிறது.
மனைவிக்குப் பெயர் இல்லை.
எல்லோரும் பெருக்கல் குறி போடும் இடத்தில்
அவள் ஒரு வட்டம் போட்டிருக்கிறாள்,
வாய் சேராத வட்டம்.
நகலில் அது மட்டும் விழவில்லை.
இன்னொரு ஐம்பது சென் போட்டேன். மறுபடியும் விழவில்லை.
விரலால் மேசையில் வரைந்து பார்த்தேன்.
கை எந்தப் பக்கமிருந்து தொடங்கியதோ.

இரண்டு வருடம் தள்ளி அம்மைக்குத்து ஏடு.
வண்டி 214-இன் பிள்ளைகள்:
வீராயி, எட்டு வயது, குத்தியாயிற்று.
பெரியான், பத்து மாதம், குத்தியாயிற்று, அழுகை.
சடையன், ஆறு வயது,
ஓடிவிட்டான்.

பாட்டனுக்கு மேல் பூட்டன், அவனுக்கு மேல் ஓட்டன்
என்று ஒப்பித்த பிள்ளைதான் நானும்.
பூட்டியதும் ஓட்டியதும் மாட்டுவண்டி என்று இன்றைக்குத்தான் பட்டது.

ஜெலுத்தோங் வீட்டில் சடையன் படம் ஒன்று உண்டு.
ஸ்டூடியோவில் இரவல் வாங்கிய கோட்டு, நீளக் கை.
முகம் முழுக்கப் புள்ளி.
பூஞ்சை பிடித்த படம் என்பார் அப்பா.
ஒவ்வொரு தீபாவளிக்கும் ஈரத்துணியால்
அந்த முகத்தைத்தான் முதலில் துடைப்போம்.

இன்று ஆணியிலிருந்து கழற்றி
சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன்.
கோட்டில் ஒரு புள்ளி இல்லை. பின்திரையில் இல்லை.
கன்னத்திலும் மூக்கிலும் மட்டும்.

பூஞ்சை இல்லை அப்பா, அம்மைத் தழும்பு.
ஊசிக்கு ஓடியவன் இவன்தான், நாம் இவன் வழிதான்
என்று எழுதி, வட்டம் இருக்கும் பக்கத்தையும்
கைபேசியிலேயே பிடித்து அனுப்பினேன்.

வெகுநேரம் கழித்துக் கிள்ளானிலிருந்து
ஒரு கட்டைவிரல் வந்தது.
சித்தப்பாவின் அடையாளம்.