முட்டையின் மேல் ஓர் எண்

டே ஆற்றின் காற்று
ஒன்பதாம் மாடி ஜன்னலைப் பிடித்து உலுக்கும் பிப்ரவரி.
மிர்ரென் பள்ளியிலிருந்து
ஒரு புதுப் படிப்போடு வந்தாள்:
முட்டையைப் படிப்பது எப்படி.

ஓட்டின் மேல் சிவப்பு மையில்
முதலில் நிற்கும் எண்.
மூன்று என்றால் கூண்டு.
இரண்டு என்றால் கொட்டகை.
ஒன்று என்றால் புல்வெளி, வெயில்
(டன்டீயில் அதை மழை என்று வாசிக்கவும்).
பூஜ்யத்தை நாங்கள் கண்ணால் பார்த்ததோடு சரி.
எண் இறங்க இறங்க விலை ஏறும்.
இதைக் கணக்கு வகுப்பில் சொல்லித்தந்திருக்கலாம்.

குளிர்பெட்டியைத் திறந்தாள்.
பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பினாள்.
பன்னிரண்டும் மூன்று.
"அம்மா" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

என்ன சொல்வேன்?
வியாழக்கிழமை வந்தால் துண்டு விழுகிறது,
சில வாரம் நாலு பவுண்ட், சில வாரம் பதினொன்று.
காசு போட்டால்தான் எரியும் மின்மீட்டருக்கு
குளிர்காலத்தில் எங்களைவிடப் பசி அதிகம்.

கடையில் ஒருமுறை
'நியாய விலை' என்று எழுதிய காப்பித்தூளை எடுத்து
யாருக்கு நியாயம் என்று பையைத் திருப்பிப் பார்த்தேன்.
விளைவித்தவருக்கு.
சரிதான், அது நியாயம்தான்.
குடிக்கிறவளுக்கு நியாயம் என்று
ஒரு பை
எந்த அலமாரியிலும் இல்லை.

மேல்மாடி மிஸஸ் கிரியர் நல்லவர்.
பனி கொட்டிய வாரம் பருப்பு சூப் கொண்டுவந்து தந்தார்.
அவர்தான் கதவிடுக்கில் துண்டறிக்கை செருகியிருந்தார்:
அந்தக் கிடங்கிலிருந்து எதையும் வாங்காதீர்கள்,
அங்கே ஆட்களைப் பிழிகிறார்கள்.
உண்மை.
பிழியப்படுவது நான்தான்.
இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை
மணிக்கட்டில் கட்டிய ஸ்கேனர்
கழிப்பறைக்குப் போன நிமிடத்தையும் எண்ணுகிறது.
ஊரே வாங்காமல் நிறுத்திவிட்டால்
யாரும் பிழியாமல் நான் வீட்டில் இருக்கலாம்,
இருட்டில்.
அறிக்கையை நாலாக மடித்து
ஆடும் மேஜைக்காலுக்கு அடியில் வைத்தேன்.
மேஜை இப்போது ஆடுவதில்லை.

அடுத்த வாரமும் மூன்றுதான் வாங்கினேன்.
வேலைக்குக் கிளம்புமுன்
பழைய துணியை வினிகரில் நனைத்து
ஒவ்வொரு முட்டையாகத் தேய்த்தேன்.
அரைமணி நேரம்.
கிடங்கில் இதற்குள் நாற்பது பெட்டி ஒட்டியிருப்பேன்.
பழுப்பு ஓடுகள் மொட்டையாகப் பளபளத்தன,
யாருடையதும் அல்லாத முட்டைகள்.

காலையில் வந்தேன்.
"சிப்ஸ் வாங்கினியா?" என்றாள் மிர்ரென்,
மூக்கை உறிஞ்சிக்கொண்டு.
இல்லை என்றேன்.
ஒரு முட்டையை எடுத்து
விளக்கொளியில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.
பிறகு என் முகத்தை.
வேகவைத்துத் தந்ததை
உப்புக்கூடக் கேட்காமல் தின்றாள்.

மேஜையில் கிடந்த என் அடையாள அட்டையை
அதேபோலத் திருப்பிப் பார்த்தாள்.
"இதில் முதல் எண் நாலு.
நாலு என்றால் என்ன?"
"ஷிஃப்ட்."
"வெளியே விடுவார்களா?"
"இருபது நிமிடம். இரண்டு தடவை."
தலையாட்டிக்கொண்டாள்,
நோட்டில் குறித்துக்கொள்கிற மாதிரி.

இந்தச் சனிக்கிழமை
ஆறே ஆறு முட்டை.
எல்லாம் ஒன்று.
சலவைத்தூளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
வினிகர் அரைப் பாட்டில் மிச்சம் இருக்கிறது,
துணிக்கு ஊற்றிப் பார்க்கலாம்.
வியாழன் வெள்ளி ஓட்ஸ் கஞ்சி.
மிர்ரென் பெட்டியைத் திறந்து எண்ணினாள்,
நாட்களையா முட்டைகளையா தெரியவில்லை.

காப்பித்தூள் மட்டும் பழையதேதான்.
அந்தப் பையை
நான் திருப்பிப் பார்ப்பதில்லை.