பதினெட்டு மீட்டர் நாற்பது

மின்கட்டண உறையின் முதுகில்
கணக்குப் போட உட்கார்ந்தேன்.
நகராட்சி வரைபடம் சொல்கிறது:
கொல்லையின் பக்க எல்லை பதினெட்டு மீட்டர்.
வரைபடத்துக்கு நிலம் என்பது இஸ்திரி போட்ட துணி.
சாட்ஸ்வொர்த்தில் அப்படி ஒரு முழம் கிடையாது.
குன்றைக் கீறி வீடு வைத்த ஊர்;
கைதவறிய பந்து
நாலு கொல்லை தாண்டித்தான் நிற்கும்.

ஏப்ரல் மழையில் பழைய வேலி
நின்றபடியே கீழே இறங்கிப் போனது,
சந்தைக்குக் கிளம்பியவன் மாதிரி.
எல்லைக் கல்லையும் கூட்டிக்கொண்டு.

அளவு நாடாவுக்கு இரண்டு கை போதாது.
வேலி இருந்த இடத்தில் நின்று கூப்பிட்டேன்.
நொம்வூலா வந்தாள், மாவு ஒட்டிய விரல்களோடு.
அவள் மொழியில் அந்தப் பெயருக்கு
மழையோடு பிறந்தவள் என்று அர்த்தம்.
"உன் வேலியை நான் எடுக்கவில்லை"
என்றாள், சிரிக்காமல்.
பிறகு இருவரும் சிரித்தோம்.

வெண்ணெய்ப்பழ மரத்தடியில் அவள் நுனியைப் பிடிக்க
ஈரப்புல்லில் வழுக்கி வழுக்கி நான் இறங்கினேன்.
பதினெட்டு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர்.
அந்த நாற்பது, நிலம் குனிந்ததற்கு.

எல்லை எது என்று கேட்டேன்.
சேம்பு இலைகளைப் பார்த்தாள்.
நான் நட்டவை அவள் பக்கம் குடை விரித்திருந்தன,
அவள் நட்டவை சில என் பக்கம்.
இரண்டு வீட்டிலும் அதற்கு மடும்பி என்றுதான் பெயர்.
"அது இருக்கிற இடத்தில் இருக்கட்டும்,
நடுவில் கயிறு கட்டு."
கட்டினோம்.
கயிறு நேராக இருப்பதாக இருவரும் ஒத்துக்கொண்டோம்.
நேர் என்பது அவ்வளவுதான்.

இரண்டு மீட்டர் நாற்பதுக்கு ஒரு கம்பம்.
வகுத்தால் ஏழரைக்குக் கொஞ்சம் மேலே; எட்டு என்று வை.
எட்டு என்று எழுதி, அடித்து,
ஒன்பது என்று எழுதினேன்.
இடைவெளிகளை எண்ணுகிறவர்கள்
கடைசியில் நிற்பதை மறந்துவிடுகிறார்கள்.
ஒவ்வொன்றிலும் அறுபது சென்டிமீட்டர் மண்ணுக்குள்:
காசு கொடுத்து வாங்கியும்
யாரும் பார்க்கப்போகாத மரம்.
குறுக்குச் சட்டம் மூன்று வரிசை, இருபத்து நான்கு.
சிமெண்டு கம்பத்துக்கு அரை மூட்டை, ஐந்தாக வாங்கலாம்.
பலகை பத்து சென்டிமீட்டர், இடையில் இரண்டு விட்டு,
நூற்று ஐம்பத்து நான்கு.
வெடித்தது, வளைந்தது, கணு விழுந்தது,
நான் தப்பாக அறுக்கப்போவது,
எல்லாம் சேர்த்துக் கழிவுக்குப் பத்து சதவீதம்.
நூற்று எழுபது.
பலகைக்கு ஆறு ஆணி, ஆயிரத்து இருபது.
குரங்குகளைக் கணக்கில் சேர்க்கவில்லை.
அவற்றுக்கு வேலி ஒரு நடைபாதை.

நொம்வூலா உறையை வாங்கிப் பார்த்தாள்.
தேநீரை ஊதினாள்.
"சட்டங்கள் யார் பக்கம் தெரியும்?"

நான் யோசித்திருக்கவில்லை.
வேலிக்கும் முகம் உண்டு, முதுகு உண்டு.
காசு போடுகிறவர் பக்கம் முகம் என்பது வழக்கம்.
பாதி தருகிறேன் என்று அவள் சொல்லவில்லை.
ஜூன் மாதம் அவள் வேலை போனது எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.
கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.
அவள் பாத்திரம் கழுவும் ஜன்னல்
அந்த எல்லையைத்தான் பார்க்கிறது.

ராத்திரி எல்லாவற்றையும் அடித்தேன்.
சட்டத்துக்கு இந்தப் பக்கம் ஒரு பலகை,
அடுத்தது அந்தப் பக்கம்,
இடைவெளியை எதிர்ப் பலகை மூடும்படி
மாற்றி மாற்றி அறைந்தால் இரண்டு பக்கமும் முகம்.
பக்கத்துக்கு நூற்றுப் பதினைந்து.
கழிவோடு இருநூற்று ஐம்பத்து மூன்று.
ஆணி ஆயிரத்து ஐந்நூற்றுப் பதினெட்டு.
உறையில் இடம் போதாமல்
ஒட்டும் மடிப்பைத் திறந்து எழுதினேன்.

மரக்கடைக் கவுண்டரில் தெஷேன்
தட்டியதை நிறுத்தி நிமிர்ந்தான்.
"பதினெட்டு மீட்டருக்கா ஆண்ட்டி, இவ்வளவு பலகை?"

"சரிவு" என்றேன்.